குடிநீரை ஒப்படைக்கும் முன் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்: மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நகரின் குடிநீர் விநியோகம் முழுவதையும் 30 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் உங்கள் முன் வருகிறது. அதைப் பற்றி உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் குறிப்பு மூன்றே பக்கம். முழு வரைவையும் பார்க்க வேண்டுமென்றால் ஆணையர் அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், படி எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். குடிமக்களுக்கு அதுவும் கிடையாது. எழுத்து மூலம் கேட்டேன். 'வணிக ரகசியம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இந்த நகரின் குடிநீர்ப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பணி மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்த மேட்டில் தண்ணீர் ஏறாது என்பதெல்லாம் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் குழாய்களைப் பற்றி எழுதப்பட்ட ஒப்பந்தம் மட்டும் என் கண்ணில் படக் கூடாதென்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனியாரே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம் என்றும் சொல்ல வரவில்லை. பம்பு செட்டுகளை எப்போதுமே தனியார்தான் கொண்டு வந்து மாட்டினார்கள். தண்ணீர் வரி கட்ட மணிக்கணக்கில் நின்ற வரிசை, ஒரு தனியார் நிறுவனம் கணினி பில்லிங் அமைத்துக் கொடுத்த பிறகுதான் மறைந்தது. பூமிக்கடியில் கசிவைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவியோடு இரண்டு பேர் வெளியிலிருந்து வந்தார்கள். நாங்கள் இரண்டு வாரம் தோண்டியும் கிடைக்காத உடைப்பை ஒரே இரவில் காட்டினார்கள். அன்றைக்கு நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அந்த வேலைகளிலெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதும், முடிந்ததா என்று பார்த்துப் பணம் கொடுத்ததும் மாநகராட்சிதான். இப்போது நீங்கள் தரப்போவது அந்த அதிகாரத்தை.

அப்படித் தந்தால் என்ன ஆகும் என்பதை என் தெருவிலேயே பார்த்துவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்டது. பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டார்கள், மின்செலவு குறைந்தது. நல்ல விஷயம்தான். அப்புறம் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் விளக்கு அணைந்தது. கம்பத்தில் மஞ்சள் பெயின்டில் 47 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். மறுநாள் காலை கைபேசிக்குச் செய்தி வந்தது: 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது.' அன்று இரவு போய்ப் பார்த்தால் இருட்டு. மறுபடியும் புகார், மறுபடியும் அதே செய்தி. 41 நாட்களில் ஒன்பது புகார் எண்கள். ஒன்பதும் சரிசெய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கின்றன. இடையில் ஒரு நாள் இரவு, பக்கத்து வீட்டு அம்மா அந்தக் கம்பத்தடியில் மூடி பெயர்ந்து கிடந்த வடிகாலில் கால் வைத்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

எங்கள் வார்டு உறுப்பினரிடம் போனேன். என் முன்னாலேயே உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டார். "அது இப்ப நம்ம கையில இல்லீங்க, கம்பெனிக்குத்தான் மெயில் போடணும்" என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஒருவரால் தன் வார்டில் ஒரு விளக்கை எரியவைக்க முடியவில்லை. என் கோபம் அவர் மேல் இல்லை. அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. புகார் பதிவான நேரத்துக்கும் அது மூடப்பட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் அந்த ஒப்பந்தத்தில் அபராதம். விளக்கு எரிகிறதா இல்லையா என்பது கணக்கிலேயே வரவில்லை. புகாரை மூடுவதும் அதே நிறுவனம்தான். ஏணி வண்டி, ஆள், உதிரிப்பாகம் என்று அனுப்பினால் செலவு. கணினியில் 'முடிந்தது' என்று அழுத்தினால் செலவே இல்லை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. எதற்குப் பணம் என்று எழுதிக் கொடுத்தோமோ அதைச் செய்தார்கள். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது மாநகராட்சி.

இருண்ட தெருவில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்துவிடலாம். தண்ணீருக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதனால்தான் அந்த மூன்று பக்கக் குறிப்பை வரி வரியாகப் படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. கணக்கில் வராத நீரை நிறுவனம் எவ்வளவு குறைக்கிறதோ அதற்கேற்ப ஊக்கத்தொகை. தொட்டியிலிருந்து 100 லிட்டர் விட்டு 60 லிட்டருக்குத்தான் பில் போகிறது என்றால் மீதி 40 லிட்டர் கணக்கில் வராத நீர். குழாய்க் கசிவு, ஓடாத மீட்டர், திருட்டு இணைப்பு எல்லாம் அதில் அடக்கம். அதைக் குறைத்தால் பணம் என்பது நியாயமான யோசனை. ஆனால் இன்றைக்கு இழப்பு எவ்வளவு என்ற தொடக்கக் கணக்கை முதல் 12 மாதங்களுக்குள் அந்த நிறுவனமே அளந்து சொல்லுமாம். உண்மையில் 40 விழுக்காடு இருப்பதை 50 என்று எழுதிவிட்டால், ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாமல் 10 புள்ளி குறைத்ததாகக் காட்டிப் பணம் வாங்கிவிட முடியும். வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. செய்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். நான் ஓய்வு பெற்றபோது 14 மேல்நிலைத் தொட்டிகளில் ஐந்தில்தான் வெளியேறும் நீரை அளக்கும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மீதி ஒன்பதுக்கும் நாங்கள் எழுதியது குத்துமதிப்பு.

அடுத்த பக்கத்தில், மாநகராட்சி எடுக்கும் முடிவால் நிறுவனத்தின் வருவாய் குறைந்தால் மாநகராட்சி ஈடு கட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஒரே வரிதான். அதன் எடை என்னவென்று சிகாகோவைக் கேளுங்கள். 2008 டிசம்பரில் அந்த நகரம், தெருவோரம் வண்டி நிறுத்தக் காசு வசூலிக்கும் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். மேயர் ரிச்சர்ட் எம். டேலி திட்டத்தை வெளியிட்ட சில நாட்களிலேயே மன்றம் 40-க்கு 5 என்ற கணக்கில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. படித்துப் பார்க்க நேரமே இல்லை. அடுத்த ஆண்டு நகரின் தலைமை ஆய்வாளர் கணக்குப் பார்த்து, கிட்டத்தட்ட 97 கோடி டாலரை நகரம் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். பணத்தைவிட என்னை உறுத்துவது வேறு. பழுதுபார்க்கவோ விழாவுக்காகவோ மீட்டர் உள்ள தெருவை அளவுக்கு மேல் மூடினால் நகரமே நிறுவனத்துக்கு நட்ட ஈடு தர வேண்டியிருக்கிறது. மீட்டரை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதையோ பேருந்துப் பாதையோ போட நினைத்தாலும் அதே கதை. சொந்தத் தெருவில் ஒரு முடிவெடுக்க அந்த மன்றம் பணம் கட்ட வேண்டும். திட்டத்தைக் கொண்டு வந்த மேயர் டேலி பதவியை விட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. 30 ஆண்டு ஒப்பந்தம் என்றால் உங்களுக்குப் பிறகு வரும் மன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

வணிக ரகசியத்துக்கு வருகிறேன். பெர்லின் நகரம் தன் குடிநீர் நிறுவனத்தின் 49.9 விழுக்காட்டுப் பங்கை 1999-ல் தனியாருக்கு விற்றது. ஒப்பந்தம் பூட்டிவைக்கப்பட்டது. முதலீட்டாளர்களுக்கு லாபத்துக்கு உறுதி கொடுத்து எழுதியிருந்தது அதற்குள்தான் இருந்தது. கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மக்களே கையெழுத்து இயக்கம் நடத்தி, 2011 பிப்ரவரியில் பொது வாக்கெடுப்பைக் கொண்டு வந்தார்கள். வாக்களித்தவர்களில் 98 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை வெளியிடு என்றார்கள். 2013-க்குள் பெர்லின் அந்தப் பங்குகளையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டது. அதற்கு 120 கோடி யூரோவுக்கு மேல் ஆனது. பாரிஸுக்கு அப்படி வாங்க வேண்டிய தேவை வரவில்லை. அங்கே 1985-ல் போட்ட விநியோக ஒப்பந்தங்களின் காலம் 2009 முடிவில் தீர்ந்தது. நகரம் அவற்றைப் புதுப்பிக்காமல் 2010 முதல் தன் சொந்த நிறுவனத்திடம் குடிநீரைக் கொடுத்தது. 2011-ல் கட்டணத்தை 8 விழுக்காடு குறைத்தது. ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எப்படி முடிகிறது என்பது அதில் வரும் விலையைப் போலவே முக்கியமான விஷயம். உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

'நம்ம ஆட்களால முடியாது, அதனாலதான் கொடுக்கிறோம்' என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வலித்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஃபிட்டர் பணியிடங்கள் காலியாகவே கிடந்தன. புகார் வந்த தெருவுக்கு மூன்றாம் நாள் போன சம்பவங்கள் உண்டு. செல்வாக்குள்ளவர் வீட்டு இணைப்பை வெட்டப் போய், போன் வந்ததும் திரும்பி வந்திருக்கிறோம். அதற்கெல்லாம் நானும் பொறுப்பு.

ஆனால் முடியாது என்பது பொய். கம்போடியாவின் தலைநகர் நொம்பென்னைப் பாருங்கள். போரால் சிதைந்து கிடந்த அந்த நகரில் 1993-ல் தண்ணீரில் 72 விழுக்காடு கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. நாளுக்குப் பத்து மணி நேரம்தான் விநியோகம். அந்த ஆண்டு ஏக் சோன் சான் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள், குழாய்களை மாற்றினார்கள், பணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பையும் துண்டித்தார்கள். 15 ஆண்டுகளுக்குள் இழப்பு ஆறு விழுக்காட்டளவுக்கு வந்தது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. இதைச் செய்தது அரசுக்குச் சொந்தமான நிறுவனம். வெளிநாட்டுக் கடனும் உதவியும் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

தனியார் நன்றாகச் செய்த இடமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவை 1997-ல் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்து இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். கிழக்கில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்த இழப்பு சுமார் 11 விழுக்காட்டுக்கு இறங்கியது. மேற்கில் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நொடித்துப் போய், மறுபடியும் ஆள் தேட வேண்டிவந்தது. அரசுக் குடிநீர் அமைப்பின் பழைய டாலர் கடனில் பெரும்பங்கை மேற்குப் பகுதியின் தலையில் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு ஆசிய நாணய நெருக்கடி வந்து அந்த நாட்டு நாணயமான பெசோ சரிந்ததும் அதைத் தாங்க முடியவில்லை. ஊரும் ஒன்று, ஆண்டும் ஒன்று, இரண்டும் தனியார். விளைவு மட்டும் வேறு. யார் தலையில் எந்தச் சுமை என்பது காகிதத்தில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தைத்தான் நான் கேட்கிறேன்.

இன்னொன்று, என் மனதுக்கு மிக நெருக்கமானது. குடிநீர்ப் பிரிவுப் பணியாளர்கள் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்படுவார்கள் என்று குறிப்பில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த ஃபிட்டர் ஒருவர் எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வால்வும் எந்தத் தெருவில், எந்த வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது, எத்தனை சுற்றில் மூடும் என்று பென்சிலில் எழுதியிருந்தார். கிழக்கு வட்டாரத்துப் பழைய பிரதானக் குழாயில் இரண்டு வால்வுகளுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு அம்பு, இடப்பக்கம் நோக்கி. மற்றதெல்லாம் வலப்பக்கம் திருப்பினால் மூடும், அந்த இரண்டும் இடப்பக்கம் திருப்பினால்தான் மூடும். தெரியாத ஆள் திறந்திருக்கும் வால்வை வலப்பக்கம் திருகி, இன்னும் மூடவில்லையே என்று சாவியில் முழு பலத்தையும் போட்டால் உள்ளே தண்டு முறியும். ஒருமுறை ஒரு சாலை வேலைக்காரர் அப்படித்தான் முறித்தார். மூன்று வார்டுகளுக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை. அந்த நோட்டில் நானும் 31 ஆண்டுகள் எழுதினேன். இப்போது 340 வால்வுகள் இருக்கின்றன. மாநகராட்சி வரைபடத்தில் அவற்றில் பாதிகூட இல்லை.

இந்த அறிவு ஆட்களிடம் இருக்கிறது. அவர்களைச் சொத்து வரிப் பிரிவுக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டால், பத்தாண்டு கழித்து நிறுவனம் விலகினாலும் சரி, நீங்கள் விலக்கினாலும் சரி, சாவியை வாங்கிக்கொள்ளக்கூட நகரில் ஆள் இருக்காது. அந்த நிலையில் எந்த விலை கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சாண்டி ஸ்பிரிங்ஸ் என்ற நகரம் 2005-ல் உருவானபோது காவல், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லாச் சேவையையும் தனியாரிடம் கொடுத்தது. உலகமே அதை முன்மாதிரி என்று பேசியது. 2019-ல் அந்த நகரமே கணக்குப் போட்டுப் பார்த்து, சொந்தமாகச் செய்தால் செலவு குறையும் என்று பெரும்பாலான வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கவாவது நம்மிடம் ஆள் மிஞ்ச வேண்டாமா?

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை.

அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். ஒப்பந்த வரைவை இணைப்புகளோடு முழுமையாக, மக்கள் படிக்கும் மொழியில் வெளியிட்டு, கருத்துச் சொல்ல 60 நாள் கொடுங்கள். உண்மையிலேயே ரகசியமான தொழில்நுட்ப விவரம் இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்து, ஏன் மறைத்தீர்கள் என்று எழுதுங்கள். விலை, அபராதம், ஈடு, விலகும் விதி ஆகிய எதையும் மறைக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன்பே 14 தொட்டிகளிலும் மீட்டர் பொருத்தி, ஓராண்டு நீர்க் கணக்கை மாநகராட்சியே எடுக்கட்டும். ஒப்பந்தம் கேட்கும் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். தொடக்கக் கணக்கு நம் கையில் இல்லாமல் ஊக்கத்தொகை என்ற பேச்சே வேண்டாம்.

கட்டணம் நிர்ணயிப்பது, இணைப்புக் கொடுப்பது, துண்டிப்பது ஆகிய மூன்றும் மாமன்றத்திடமே இருக்க வேண்டும். மன்றம் பொது நலனுக்காக எடுக்கும் முடிவுக்கு ஈடு கட்டச் சொல்லும் வரியை நீக்குங்கள். 30 ஆண்டுகளைப் பத்தாகக் குறையுங்கள். அதற்குள்ளும் ஐந்தாம் ஆண்டில், குற்றம் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லாமல், முன்கூட்டியே எழுதிவைத்த தொகையில் விலகிக்கொள்ள நகரத்துக்கு உரிமை வேண்டும்.

புகார் கொடுத்தவர் 'ஆமாம், சரியாகிவிட்டது' என்று சொன்னால் மட்டுமே புகார் மூடப்பட வேண்டும். தெருக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, குடிக்கத் தகுந்ததா என்பதை வைத்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். தெருவிளக்கு ஒப்பந்தத்தையும் இதே மாதிரி திருத்துங்கள். வார்டு உறுப்பினர் அழைத்தால் நிறுவனப் பொறுப்பாளர் மன்றத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டிலும் எழுதுங்கள்.

குடிநீர்ப் பிரிவைக் கலைக்காதீர்கள். வட்டாரத்துக்கு ஒரு பொறியாளர், இரண்டு ஃபிட்டர்களாவது மாநகராட்சிச் சம்பளத்தில் இருந்து, நிறுவனத்தின் ஒவ்வொரு வேலையையும் உடன் நின்று பார்க்கட்டும். வரைபடம், மீட்டர் அளவு, வால்வு விவரம் எல்லாம் நகரத்தின் சொத்து என்றும், மாதாமாதம் மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

வால்வு நோட்டு என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. 340 வால்வுகளையும் தெருத் தெருவாக நடந்து காட்டவும் நான் தயார். எந்த நிறுவனத்திடமும் அதைக் கொடுக்க மாட்டேன். அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட மாநகராட்சிப் பணியாளர் ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பிரிவில் ஓய்வு பெற்ற பணி மேற்பார்வையாளர் ஒருவர்